மழை பெய்கிறது, ஸ்டேஷனிலேயே நிற்கிறேன்

இணையத்தில் புதிதாக ஒரு சேவை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் அன்றே அதில் ஒரு கணக்குத் திறந்து பார்த்துவிடுவேன். வேலைக்குத் தேவையோ இல்லையோ, பார்த்தாக வேண்டும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் துணி காயப்போட்டிருக்கும்போது மழை வரப்போகிறது என்றால் கைப்பேசி எனக்குச் சொல்லும். தண்ணீர் தடை அறிவிப்பு வந்தால் வாளிகளை நிரப்பச் சொல்லும். இதெல்லாம் பெரிய வித்தை இல்லை. 'இது நடந்தால் அதைச் செய்' என்று நாமே விதி எழுதிவைக்க இலவசமாகவே இடம் கொடுக்கிறார்கள். ஒரு சேவையை இன்னொன்றோடு முடிச்சுப் போட்டுவிட்டால் போதும், பிறகு நாம் மறந்துவிடலாம். அது மறக்காது.

மறக்காது என்பதை நான் ஒரு வசதியாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரன் ஒருவன் இருந்தான். கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் வீடு. தினமும் கொமுட்டர் என்கிற புறநகர் ரயிலில் வந்து போவான். அவன் மனைவிக்குக் கிள்ளான் நகரத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை. சாயங்காலம் அவன் கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கினால் அவர் காரில் வந்து ஏற்றிக்கொள்வார். ரயில் கிள்ளானை நெருங்கும்போது ஒரு செய்தி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் அவன் வேலை. அதை அவன் செய்ததே இல்லை. பெட்டியில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவான். மறுநாள் காலையில் வீட்டுச் சண்டையோடு அலுவலகத்துக்கு வருவான்.

ஒருநாள் மதியம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து அவன் கைப்பேசியை வாங்கி நான் ஒரு விதி எழுதிக்கொடுத்தேன். கைப்பேசி கிள்ளான் ஸ்டேஷனைச் சுற்றி நான் வரைந்த வட்டத்துக்குள் நுழைந்தால் மனைவிக்கு ஒரு செய்தி போகும். அவன் படத்தையும் பெயரையும் போட்டு ஒரு தானியங்கிக் கணக்கு திறந்து, அதன் வழியாகப் போகும்படி செய்தேன். அவன் பார்த்துவிட்டு, "டேய், தினமும் ஒரே மாதிரி வந்தா கண்டுபிடிச்சிடுவாடா" என்றான். அதனால் நாலைந்து வாக்கியங்கள் எழுதி மாற்றி மாற்றிப் போகச் செய்தேன். அப்புறம் எனக்கே ஆசை வந்து, வானிலைச் சேவை ஒன்றையும் அதோடு இணைத்தேன். கிள்ளானில் அந்த நேரத்தில் மழை பெய்துகொண்டிருந்தால் போகிற செய்தியே வேறு: 'மழை பெய்கிறது, ஸ்டேஷனிலேயே நிற்கிறேன்.' மழை நாளில் ஸ்டேஷன் வாசலில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. அவர் எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டுக் குடையோடு நடந்து வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போவார்.

அதற்குப் பிறகு சண்டை நின்றது. அவனும் நிம்மதியாகத் தூங்கினான். இடையில் புதுக் கைப்பேசி வாங்கியபோது அதிலும் அதே கணக்கைப் போட்டுக்கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாசாருக்கு மீன் வாங்கப் போனவன் அங்கேயே சரிந்து விழுந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. காரியம் எல்லாம் ஆன பிறகு நானும் மெல்ல மெல்ல பண்டமாரான் போவதைக் குறைத்துக்கொண்டேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. அந்த விதி ஒன்று எங்கோ ஒரு கணினியில் இருக்கிறது என்பது என் நினைவிலேயே இல்லை.

பல மாதங்கள் கழித்து அவன் மனைவி அழைத்தார். எப்படி இருக்கிறீர்கள், அண்ணி எப்படி இருக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்தார். பிறகு சொன்னார். ஒரு வாரமாக அவனிடமிருந்து செய்தி வருகிறதாம். சாயங்காலம், அவன் வழக்கமாக இறங்குகிற அதே நேரத்தில். முதல் நாள் 'கிள்ளான் வந்துவிட்டேன்.' அடுத்த நாள் வேறொன்று. முந்தின நாள் நல்ல மழை. அலுவலகத்தில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மழைச் செய்தி வந்திருக்கிறது.

"குடைய எடுத்துட்டு போயிட்டேன்ணே" என்றார்.

அவர் தொடர்ந்து சொன்னார். காரை எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு, நடந்து போய், அவன் வழக்கமாக நிற்கிற தூணுக்குப் பக்கத்தில் நின்றாராம். கூட்டம் எல்லாம் கலைந்து போனதாம். மழை விடும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தாராம். பிள்ளையிடம் எதுவும் சொல்லவில்லை.

இனி மறைக்க முடியாது என்று நினைத்தேன். அந்தச் செய்திகளை அவன் எழுதவில்லை, நான் செய்து கொடுத்த ஏற்பாடு அது, அவன் உயிரோடு இருந்தபோதும் அவைதான் வந்துகொண்டிருந்தன என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும்ணே" என்றார். "அவரு இருந்தப்பவே, மொத வாரமே தெரிஞ்சிருச்சு. அவரு தமிழ்ல எழுதவே மாட்டாரு, எல்லாம் ரோமன் எழுத்துதான், அதுலயும் பாதிய முழுங்கிடுவாரு. என்னைக்குண்ணே அவரு 'நிற்கிறேன்'னு எழுதியிருக்காரு? அது உங்க தமிழு."

அப்புறம் ஏன் போனீர்கள் என்று கேட்டேன்.

"மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது இல்லையா. அவரு வந்தாத்தானே அது அனுப்பும்? ஸ்டேஷன்ல ஏதோ வந்து நிக்குதுன்னுதானே அர்த்தம்? அது என்னான்னு பாக்கணும்னு தோணுச்சு."

அவன் புதுக் கைப்பேசி அலமாரியில் அணைந்து கிடக்கிறது என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலமே நண்பனின் கணக்குக்குள் போனேன். கடவுச்சொல்லை அவனுக்கு வைத்துக்கொடுத்தவன் நான்தான். விதி எப்போதெல்லாம் ஓடியது என்ற வரலாறு அங்கே ஒரு பக்கத்தில் இருந்தது. திரையைக் கீழே தள்ளத் தள்ள, அவனுடைய ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு வரியாக நின்றது. இந்த நேரத்தில் வட்டத்துக்குள் வந்தான், செய்தி போனது. இந்த நாளில் மழை. இந்த நாளில் ரயில் தாமதம் போலிருக்கிறது, நேரம் தள்ளியிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமையோடு வரிகள் நின்றுபோயிருந்தன. பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகு, நடுவில் எதுவுமே நடக்காததுபோல, போன வாரத்திலிருந்து மறுபடியும் வரிகள் தொடங்கியிருந்தன. கணினிக்கு அது ஒரு நீண்ட விடுமுறை மாதிரிதான். இவ்வளவு காலம் இந்தத் துறையில் இருக்கிறேன், ஒரு பட்டியலைப் பார்த்து நான் பயந்தது அன்றுதான்.

செய்தியைத் தூண்டிய கருவி எது என்றும் அதில் போட்டிருந்தது. அவனுடைய பழைய கைப்பேசி. அதிலிருந்த கணக்கை நான் அப்போது வெளியேற்றாமல் விட்டிருந்தேன். அவருக்கு அழைத்து அது எங்கே என்று கேட்டேன். யோசித்துவிட்டு, யாரோ சாப்பாட்டுக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டதாக அவன் ஒருமுறை சொன்னான் என்றார். யார், எந்தக் கடை என்று தெரியவில்லை. விதியை அப்போதே அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், யாரென்று பார்த்த பிறகு செய்யலாம் என்றார்.

மறுநாள் வேலையிலிருந்து சீக்கிரமாகக் கிளம்பி, அவன் வழக்கமாக வரும் ரயிலுக்கு முந்தின ரயிலில் கிள்ளான் போனேன். அவர் ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மழை இல்லை. கையில் கைப்பேசியை விரித்த உள்ளங்கையில் வைத்தபடி இருந்தார். ரயில் வருகிற அறிவிப்பு மலாயில் ஒலித்தது. தூரத்தில் விளக்கு தெரிந்தது. ரயில் இன்னும் நிற்கவில்லை, அவர் கையில் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் அவன் முகம். 'கிள்ளான் வந்துவிட்டேன்.'

கதவுகள் திறந்தன. எல்லாக் காரணமும் தெரிந்திருந்தும், கருவியின் பெயர் வரைக்கும் தெரிந்திருந்தும், அந்தக் கூட்டத்தில் நான் தேடியது அவன் முகத்தைத்தான். நீலச் சட்டை போட்ட ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பியபோது அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். அது வேறு யாரோ ஒரு சீனர்.

கூட்டத்தின் கடைசியில் தெரிந்த முகம் ஒன்று வந்தது. நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் மதியம் சாப்பிடுகிற கடையில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்த மாஸ்டர். திருவாரூர்ப் பக்கத்துக்காரர், வேலை பெர்மிட்டில் வந்தவர். கொஞ்ச நாளாகக் கடையில் அவரைக் காணவில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தார். கிள்ளானில் முதலாளி இன்னொரு கடை திறந்துவிட்டாராம், போன வாரத்திலிருந்து சாயங்கால வேலைக்கு இங்கேதான் வருகிறாராம். சட்டைப் பையில் நண்பனின் பழைய கைப்பேசி இருந்தது.

அவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னேன். சாப்பிட வரும் அண்ணன் ஒருநாள் இவருடைய கைப்பேசித் திரை உடைந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, ஊரில் மகளோடு முகம் பார்த்துப் பேச வைத்துக்கொள்ளுங்கள் என்று இதைக் கொடுத்ததாக அவர் சொன்னார். அவன் இறந்தது அவருக்கு அதுவரை தெரியாது. வேறு அலுவலகத்துக்கு மாறிப் போய்விட்டான் என்று நினைத்திருக்கிறார். கேட்டதும் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, கைப்பேசியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"எனக்கு வேணாம்க்கா. நீங்களே வச்சுக்குங்க."

"அவரு உங்களுக்குக் குடுத்தது" என்றார் நண்பனின் மனைவி. "மககூட பேசுங்க." அப்புறம் என்னைப் பார்த்து, "இப்ப எடுத்துடுங்கண்ணே" என்றார்.

மாஸ்டரின் கைப்பேசியிலேயே அந்தச் செயலியைத் திறந்தேன். விதியை நிரந்தரமாக நீக்கவா, இதன் வரலாறும் சேர்ந்து அழிந்துவிடும் என்று கேட்டது. அந்தச் சாயங்காலங்களை எல்லாம் ஒரு பிரதி எடுத்துவைத்திருக்கலாம். நண்பனின் மனைவியிடம் கேட்டேன், வேண்டாம் என்றார். நான் தயங்குவதைப் பார்த்து அவரே விரலை நீட்டி அழுத்தினார். நண்பனின் கணக்கை வெளியேற்றி, செயலியையும் நீக்கினேன். மாஸ்டருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. அவரைக் காரில் கடை வரைக்கும் கொண்டுபோய் விட்டோம். வழியில், கடையில் அவன் என்ன சாப்பிடுவான் என்று நண்பனின் மனைவி கேட்டார். குழம்பு தனியாக, பரோட்டாவை நல்லா முறுகலா போடச் சொல்வாரு என்றார் மாஸ்டர். வீட்டில் மெத்தென்று இருந்தால்தான் சாப்பிடுவான் என்று சொல்லி அவர் சிரித்தார். அவர் சிரித்ததை நான் அன்றைக்குத்தான், அவன் போன பிறகு முதல்முறையாகப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து என் சொந்த விதிகளைத் திறந்து பார்த்தேன். அம்மாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து, மனைவிக்கு நான் சென்ட்ரல் ஸ்டேஷனைத் தாண்டிவிட்டேன் என்ற தகவல், வாடகைக்கு நன்றி என்று என் பழைய வீட்டில் குடியிருப்பவருக்கு ஒரு வரி. எல்லாம் என் பெயரில், என் குரலில், பிழையில்லாத தமிழில். நான் இல்லாவிட்டாலும் பேசக்கூடியவை எவை என்று பார்த்து ஒவ்வொன்றாக அழித்தேன். துணி காயப்போடும் விதியை மட்டும் விட்டுவைத்தேன். இப்போது மனைவிக்கு நானே எழுதுகிறேன். பாதி நாள் மறந்துவிடுகிறேன், திட்டு வாங்குகிறேன்.

இரண்டு மாதம் கழித்து மாஸ்டரை ரயிலில் பார்த்தேன். பேசிக்கொண்டே வந்தவர், குரலைத் தாழ்த்தி, கிள்ளான் வரும்போது மட்டும் கைப்பேசித் திரை தானாக ஒருமுறை வெளிச்சமாகி அணைகிறது என்றார். எந்தச் செய்தியும் இருக்காதாம். நான் வாங்கி அமைப்புகள் எல்லாவற்றையும் பார்த்தேன். நண்பனின் கணக்கு அதில் இல்லை. செயலியே இல்லை. ஸ்டேஷன் வைஃபையைத் தேடுவதாக இருக்கும் என்றேன். ரயில் வேகம் குறைந்தது. என் கையிலேயே திரை வெளிச்சமாகி, கொஞ்ச நேரம் எரிந்து, அணைந்தது.

"வைஃபைதான்" என்றேன் மறுபடியும்.

மாஸ்டர் தலையாட்டினார். கைப்பேசியை வாங்கி, திரை நெஞ்சுப் பக்கம் இருக்கும்படி திருப்பிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். அவன் மனைவியிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் இன்று வரைக்கும் இருவருமே சொல்லவில்லை.