எங்கள் வீட்டில் யார் யோசிக்கலாம்

எங்கள் வீட்டில் ‘யோசிப்பது’ என்ற வினைச்சொல் ஆண்களுக்கு மட்டுமே உரியது. அப்பா வீட்டுக்குப் பின்னால் நாலு மிஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பார். நூல்கடைக்காரர் தேடி வந்தால், “அவரு யோசிச்சுட்டு இருக்காருங்க” என்று அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவாள். உள்ளேயிருந்து குறட்டை கேட்கும். வந்தவரும் மரியாதையாகக் காத்திருப்பார். அதே அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினால் அதற்குப் பெயர் பராக்குப் பார்ப்பது.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருஷம் பல்லடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். விசைத்தறிக் குடும்பம். மாப்பிள்ளையும் பார்க்க மோசமில்லை. எனக்கோ டீச்சர் டிரெயினிங் சேர ஆசை. கட்டிக்கொண்டால் படிப்பு கிடையாது என்று தரகர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பஜ்ஜி, காப்பி வந்தபின் அப்பா ஒப்புக்குக் கேட்டார்.

“கண்ணு, உனக்குச் சம்மதந்தானே?”

நான் தலையைக் குனிய வேண்டும், அவ்வளவுதான்.

“யோசிச்சுச் சொல்றேனுங்க” என்றேன்.

மாப்பிள்ளை எடுத்த பஜ்ஜி பாதி வழியில் நின்றது. அவனுடைய அம்மா என் அம்மாவிடம் நிஜமான கவலையோடு கேட்டாள்: “ஏனுங்க, புள்ளைக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமுங்களா?”

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “அதுதான் நான் யோசிச்சுட்டேனே, நீ வேற எதுக்கு?” என்றார். வீட்டுக்கு ஒருவர் யோசித்தால் போதும் என்பது அவர் கணக்கு. இன்னொரு அதட்டல் போட்டிருந்தால் தலையாட்டியிருப்பேன்.

சமையலறை நிலையைப் பிடித்து நின்ற அம்மா வாயைத் திறந்தாள். “யோசிக்கட்டுமுங்க. என்னையப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு யாரும் யோசிக்க உடலீங்க.”

நாலு பேர் முன்னால் அம்மா அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வந்தவர்கள் வெற்றிலையைக்கூடத் தொடாமல் பஸ் பிடிக்கப் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பா முறைத்தார், ஆனால் கத்தவில்லை. பிறகு அவரே என்னை டிரெயினிங்கில் கொண்டுபோய்ச் சேர்த்தார். எல்லாம் தன்னுடைய யோசனை என்று ஊர் தாண்டி வேலம்பாளையம் வரைக்கும் சொல்லிக்கொண்டார்.

அன்றைக்கு உன்னை யோசிக்க விட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று மட்டும் அம்மாவை அவர் கடைசிவரை கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும்.