தவுக்கே பெயரில் இருந்த லோரி

என்னிடம் ஒரு ரசீது இருக்கிறது. காஜா பேராங்கில் அப்போது இருந்த கணினி விளையாட்டுக் கடையில் கொடுத்தது. "கேம் 1, அக்கவுண்ட் திறந்தது 1" என்று அச்சாகியிருக்கிறது. மாதம் மார்ச். வருடத்தின் கடைசி இலக்கம் வெளிறிவிட்டது. மாசி மகம் முடிந்த வாரம் என்பது மட்டும் உறுதி. வாங்கிய என் மைத்துனனுக்குக் காவடி எடுத்த தோள்வலி இன்னும் போகாமல் இருந்தது.

மனைவியின் தம்பி அவன். பத்து பெரெண்டாமில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். வேலை நிரந்தரமானால் காவடி எடுப்பதாகவும், இனி காப்பி சிடியை, அதாவது திருட்டு நகலை, தொடுவதில்லை என்றும் வேண்டிக்கொண்டிருந்தான். இரண்டாவது வேண்டுதல் சின்னதல்ல. அந்நாளில் எங்கள் வட்டாரத்தில் ஒரிஜினல் வாங்கியவர்கள் குறைவு. காப்பி ஓடாவிட்டால் கடையில் மாற்றிக்கூடக் கொடுப்பார்கள்.

வேலை நிரந்தரமானது. வேண்டியபடியே லோரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை இணையத்தில் முறையாக வாங்கினான். "பகல் முழுக்க ஃபோர்க்லிஃப்ட், வீட்டுக்கு வந்தா லோரி. இதுக்கு எவன் சம்பளம் குடுக்குறான்?" என்றாள் அவன் மனைவி.

அவனிடம் கிரெடிட் கார்டு இல்லை. கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, ஒரு சீனர், தன் கார்டில் வாங்கி, தன் மின்னஞ்சலிலேயே கணக்கும் திறந்துகொடுத்தார். கடவுச்சொல்லும் அவரே போட்டார். வாடிக்கையாளர் எல்லோருக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டு மின்சார பில்லே பழைய வீட்டுக்காரர் பெயரில் வந்துகொண்டிருந்ததால், இது யாருக்கும் விநோதமாகப் படவில்லை.

சில வருடம் கழித்து அவனுடைய கணினி கெட்டது. புதியது கடவுச்சொல் கேட்டது. கடை இருந்த இடத்தில் முடிதிருத்தகம் வந்திருந்தது. விளையாட்டு நிறுவனத்துக்கு அவன் சார்பில் நான் எழுதினேன். கணக்கு வேறொருவருடையது, தவிர விளையாட்டு விற்கப்படவில்லை, பயன்படுத்த அனுமதிதான் தரப்பட்டது என்று பதில் வந்தது. வாசித்துச் சொன்னேன்.

"அப்ப நான் கட்டுனது வாடகையா மாமா?" என்றான்.

விசாரித்ததில் தவுக்கே ஆயர் குரோவில் கார் இருக்கை உறை விற்பது தெரிந்தது. இருவரும் போனோம். அந்த மின்னஞ்சலே இப்போது இல்லை என்றார். அவருக்கும் சங்கடம்தான். உள்ளே போய் ஒரு சிடியை எடுத்து வந்தார். அதே லோரி விளையாட்டு, காப்பி. காசு வாங்க மறுத்துவிட்டார்.

"அண்ணே, நீ அன்னிக்கே காசு கட்டிட்ட. இது உன்னோடதுதான்" என்றார் மலாயில்.

திரும்பும் வழியில் மைத்துனன் சிடியை மடியில் வைத்திருந்தான். வேண்டுதலை மீறினால் வேலைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் அவனுக்கு உண்மையாகவே இருந்தது. அந்த மாதம் தொழிற்சாலையில் ஆள்குறைப்புப் பேச்சும் அடிபட்டது.

"காசு கட்டுன சாமான காப்பியில விளையாடுனா, அது காப்பியா மாமா?"

தெரியவில்லை என்றேன். கோயிலில் கேட்கலாமா என்றான். குருக்களுக்கு முதலில் அக்கவுண்ட் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கும் என்று சொன்னேன். சிரித்தான், ஆனால் சிடியைத் திரும்பக் கொடுக்கப் போகவில்லை.

ஆள்குறைப்பில் அவன் பெயர் வரவில்லை. சிடியை ஒருநாளும் போடவில்லை என்கிறான். மூடிய அறையிலிருந்து லோரி ஹாரன் கேட்டதாக அவன் மனைவி சொல்கிறாள். இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன். எது சரி என்று இதுவரை சரிபார்க்க முடியவில்லை.