ஏரிப் புல்லும் கழனிக் களையும்

திருமழிசை உரக்கடையில் மூன்று பேர் இருக்கிறோம்: கடைக்காரர், களை மருந்து வாங்க வந்த பக்கத்து ஊர் அம்மா ஒருவர், மழைக்கு ஒதுங்கிய நான். பூந்தமல்லி பஸ் போய்விடுமோ என்று நான் ரோட்டையே எட்டி எட்டிப் பார்க்கிறேன்.

அந்த அம்மாவுக்கு அரை ஏக்கர் நெல். களை பயிரை முந்திக்கொண்டு வருகிறது. இந்த வாரம் மருந்தடிக்காவிட்டால் போகம் போச்சு. ஆனால் நூறு நாள் வேலைக் கூலி இன்னும் பேங்கில் ஏறவில்லை.

"யக்கா, இன்னா வேல குடுத்தாங்கோ?" என்று கடைக்காரர் கேட்கிறார்.

"ஏரிக்கரைல புல்லு புடுங்கினோம் நைனா."

"ஊரு புல்லப் புடுங்குற, உன் கழனில குனிய மாட்டியா?"

"அங்க குனிஞ்சா கூலி கீது. என் கழனில குனிஞ்சா யாரு குடுப்பா?"

மருந்து விஷமாயிற்றே, ஆள் வைத்துக் களை எடுக்கக் கூடாதா என்று நான் தயங்கிக்கொண்டே கேட்கிறேன்.

"ஆளா? எங்க ஊரு ஆளுங்க அத்தினி பேரும் என்கூட ஏரிலதான் கீறாங்கோ அண்ணாத்தே!"

கடைக்காரர் சிரித்தபடி பாட்டிலை எடுத்து வைக்கிறார். அந்த அம்மா இருநூறு ரூபாய் தந்துவிட்டு, பாட்டிலைப் பைக்குள் சோற்று டப்பாவை ஒட்டியே வைக்கிறார். நான் அந்தச் சோற்று டப்பாவையே பார்க்கிறேன்.

"காலி டப்பாதான், பயப்படாத," என்கிறார் என்னிடம்.

"மீதிய யாரு பேர்ல எழுதறது யக்கா?"

"கவர்மெண்ட்டு பேர்ல எழுது. அது எனக்குத் தரணும், நான் உனக்குத் தரணும்."

கடைக்காரர் அப்படியே எழுதிக்கொள்கிறார்: கவர்மெண்ட் பாக்கி, நானூற்று இருபது ரூபாய்.