டேப்பில் இருந்தவள்

நாடகம் ஒரு கூட்டுக்கலை என்று மாலை போட்டுக்கொண்டு மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அவர்களில் பாதிப் பேர் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்ததே கிடையாது. நான் பல வருடம் அங்கே கிடந்தவள். ஒருத்தி செத்துப்போன பிறகும் அவளைப் போக விடாமல் எல்லாரும் சேர்ந்து பிடித்து வைத்துக்கொள்வதுதான் நான் பார்த்த கூட்டு.

எழுபதுகளின் நடுவில் முதலியார்பேட்டைப் பக்கம் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு நாடக மன்றம் வைத்திருந்தார்கள். ஷிப்டு முடிந்து வந்து, பஞ்சு ஒட்டிய தலையோடு ஒத்திகை பார்ப்பார்கள். எழுதி நடத்தியவர் மேரியில் குமாஸ்தா. நகராட்சியை நாங்கள் மேரி என்றுதான் சொல்வோம். அவரை எல்லாரும் வாத்தியார் என்று கூப்பிட்டார்கள். அவர்களுடைய கதாநாயகி மஞ்சள் காமாலையில் செத்துப்போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வீராம்பட்டினம் திருவிழாவுக்கு நாடகத்தை ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதே ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் இருந்த என்னைக் கூட்டிப் போனார்கள். நான் வாய் பெரியவள், கூட்டத்தைக் கண்டு பயப்படாதவள். அதற்கு மேல் தகுதி எதுவும் இல்லை.

வாத்தியார் முதல் நாளே சொல்லிவிட்டார். "வீராம்பட்டணத்துல நல்லா வந்துச்சுன்னா இனிமே நீதான். சொதப்புனா கடலூர்லேந்து ஆள் புடிச்சிக்குவேன். அப்பறம் மூக்கால அழக்கூடாது."

எனக்கு அந்த இடம் வேண்டும். அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டே கிழவியாகிவிடக் கூடாது என்று வெறி.

ஆனால் அங்கே எனக்கு இடமே இல்லை. செத்துப்போனவள் என்னைவிட ஒரு சாண் உயரம். விளக்குக்காரர் அவள் முகத்துக்கு வைத்த விளக்கை இறக்கவில்லை. வெளிச்சம் என் நெற்றியில் விழுந்தது, வாய் இருட்டில் கிடந்தது. கேட்டால், "கொஞ்சம் எக்கி நில்லேன், இன்னா இப்போ?" என்றார். ஆர்மோனியக்காரர் அவள் பாடும் கட்டையில்தான் கையை வைத்தார். நான் தொண்டை கிழியப் பாடினேன். மேக்கப் போடுகிறவர் என் கன்னத்தைப் பார்க்காமலேயே அவளுடைய நிறத்தைக் குழைத்தார். ஜாக்கெட்டில் அவளுடைய வியர்வைக் கறை இருந்தது. பக்கத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிறவர் அவள் மூச்சு விடுகிற இடத்தில் நிறுத்தி, அவள் தடுமாறுகிற இடத்தில் எனக்கு எடுத்துக் கொடுத்தார். நான் தடுமாறுகிற இடத்தில் சும்மா இருந்தார். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கை பழகிவிட்டது. ஆளாளுக்கு அவளில் ஒரு துண்டை வைத்திருந்தார்கள். மொத்தமாகச் சேர்த்தால் அவள் எழுந்து வந்து நின்றுவிடுவாள் போலிருந்தது. நடுவில் நான்தான் இடைஞ்சல்.

எல்லாவற்றையும்விட மோசம் அந்த டேப்.

நாடகத்தில் மனசாட்சிக் காட்சி ஒன்று உண்டு. ஸ்டிரைக் சமயத்தில் கொழுந்தன் ஒளிந்திருந்த இடத்தைப் போலீசுக்குச் சொல்லிவிட்ட ஒரு பெண், தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் மனசாட்சி கேள்வி கேட்கிறது. அந்தக் குரல் ஸ்பூல் டேப்பிலிருந்து வரும். மேடையில் இருக்கிறவள் இடையில் பதில் சொல்ல வேண்டும். குரலைப் பதிவு செய்தவள் செத்தவள். தன் கேள்விகளைப் பேசி, தன் பதில்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு இடம் விட்டுப் பதிவு செய்திருந்தாள். டேப் போடுகிறவர் அவளுடைய புருஷன்.

நான் மெதுவாகப் பேசுகிறவள். நான் பதிலை முடிப்பதற்குள் அவள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள். ஒவ்வொரு ஒத்திகையிலும் என் வாயை அடைத்தாள். அவள் பேசுவதற்கு முன்னால் ஒரு மூச்சு கேட்கும். வளையல் லேசாக இடிக்கும். அவர்கள் வீட்டில் பகலில் பதிவு செய்தது, அதனால் கடைசிக் கேள்விக்குப் பின்னால் ஆலைச் சங்கு தூரத்தில் ஊதும். என் மனசாட்சி என்று சொல்லி ஒரு பிணத்தை என்னோடு பேச விட்டிருந்தார்கள்.

"என் கொரல்ல புதுசா எடுங்க வாத்தியாரே" என்றேன்.

அவர் டேப்காரரைப் பார்த்தார். டேப்காரர் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பாக்கலாம், பாக்கலாம்" என்று வாத்தியார் நழுவிவிட்டார்.

நான் நேராகவே போய்க் கேட்டேன். "அண்ணே, அழிக்கச் சொல்லல. ஒவ்வொரு கேள்விக்கும் நிறுத்திட்டு, நான் பேசுனப்பறம் ஓட விடு. அது போதும் எனக்கு."

"நிறுத்தி எடுத்தா கொரல் இழுக்கும்மா."

"இழுத்தா இழுத்துட்டுப் போவுது."

"நீ வேகமாப் பேசிப் பழவு" என்றார். "அது கரெக்டாத்தான் எடம் வுட்டுருக்குது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பெண்டாட்டி செத்தவர் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன்.

வீராம்பட்டினத்தில் நல்ல கூட்டம். மணலில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் திரை தூக்குவதற்கு முன்னால் எல்லாரையும் நிற்க வைத்து, "நாடகம் தேரு மாதிரி. எல்லாரும் வடம் புடிச்சாத்தான் நவுரும்" என்றார். தேரில் யாரை வைத்து இழுக்கிறோம் என்று நான் கேட்கவில்லை.

மனசாட்சிக் காட்சி வந்தது. "யார் அங்கே?" என்றேன். மூச்சு, வளையல். "சொன்னது யார்?" என்றாள். "நான் இல்லை, என் வாயிலிருந்து ஒரு சொல்..." என்று நான் ஆரம்பித்ததுமே, "உன் வாயா, வேறு வாயா?" என்று மேலே ஏறினாள். முன்வரிசையில் ஒரு கிழவி, "ரெண்டு பேரும் கொழாயடிச் சண்டை போடறாளுங்க பாருடி" என்றாள். சிரிப்பு பரவியது. பக்கத் திரைக்குப் பின்னால் வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

அத்தோடு என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் கோபம்தான் வந்தது. வாயை மூடிக்கொண்டு, டேப்காரர் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி அவரையே பார்த்தேன். அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள். பதில் சொல்லவில்லை. அதற்கு அடுத்ததைக் கேட்டாள். சொல்லவில்லை. அவர் சுற்றுகிற ஸ்பூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாடகத்தில் வேலை செய்தும் ஒரு தடவைகூட அவர் மேடையைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காட்சி வந்தால் அவர் தன் பெண்டாட்டியோடு தனியாக இருக்கப் போய்விடுவார்.

சிரிப்பு அடங்கியதால்தானோ என்னவோ, அவர் தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். கை மெதுவாகப் பொத்தானுக்குப் போனது.

குரல் நின்றது. கடல் சத்தம் மட்டும் கேட்டது. நான் என் பதிலை என் வேகத்தில் சொன்னேன். சொல்லி முடித்து நின்றேன். அவர் ஓட விட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அடித்தொண்டையில் இழுத்துக்கொண்டு வந்து, பிறகு அவள் குரலானது. கூட்டத்தில் ஒரு குழந்தை வீறிட்டது. அதற்கப்புறம் ஒருத்தரும் சிரிக்கவில்லை. கேள்வி, நிறுத்தம், பதில், இழுவை. கடைசிவரைக்கும் அவள் எனக்காகக் காத்திருந்தாள்.

முடிந்ததும் ஊர்ப் பெரியவர்களிடம் வாத்தியார், "அந்த இழுவை இருக்குதே, நான்தான் யோசிச்சி வெச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த நாடகத்துக்கு என்னையே போட்டார். கடலூர்ப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. விளக்குக்காரர்கூட விளக்கை இறக்கினார்.

டேப்காரர் மெஷினை மூடிவிட்டு என் பக்கம் வந்தார். "நிறுத்திட்டா திரும்ப வராதோன்னு இருந்துச்சு" என்றார்.

"வந்துச்சில்ல?"

"வந்துச்சி."

அரியாங்குப்பம், நோணாங்குப்பம் என்று அந்த நாடகத்தை எத்தனையோ இடத்தில் போட்டோம். அவள் என்னை விடவில்லை. ஆலைச் சத்தத்துக்கு நடுவிலும் அந்த மூச்சு கேட்கும். கல்யாணம் ஆன பிறகு வீட்டில் யாராவது கேள்வி கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. பொத்தான் அழுத்தும் சத்தத்துக்குக் காத்திருப்பேன். "காது செவிடா?" என்பார் என் புருஷன்.

எண்பதுகளில் வீட்டுக்கு வீடு டிவி வந்தது. மன்றம் கலைந்தது. ஆலையையும் மூடினார்கள். ஒரு ஐப்பசி மழையில் டேப்காரர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து டிரங்குப் பெட்டி மூழ்கிவிட்டது. சில நாள் கழித்து மஞ்சள் பையோடு ஒரு மத்தியானம் என் வீட்டுக்கு வந்தார். பையில் ஸ்பூல். கேசட்டில் ஏற்றித் தருகிற கடைக்குக் கொண்டுபோனாராம். ஓட்டியதும் பழுப்புத் தூளாக உதிர்ந்துவிட்டதாம். சத்தமே இல்லை.

"அது எப்பிடிப் பேசும்னு உனக்குத்தாம்மா தெரியும். ஒரு வாட்டி பேசிக் காட்டேன்."

"இன்னாண்ணே, அவள என் மேல வந்து எறங்கச் சொல்றியா?" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். எத்தனை வருடம் அவள் வாய்க்குள் என் வாயை வைத்துக்கொண்டு நின்றிருப்பேன். மறுபடியும் அதையே கேட்கிறார்.

அவர் பையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஒக்காருண்ணே" என்றேன். "அவளுதை நான் பேச மாட்டேன். என்னுதை மட்டும் சொல்றேன்."

அவருக்குப் புரியவில்லை. நான் ஆரம்பித்தேன். "யார் அங்கே?" என்று என் முதல் வரியைச் சொல்லிவிட்டு நிறுத்தினேன். மூச்சுக்கு இடம், வளையலுக்கு இடம், கேள்விக்கு இடம். பிறகு, "நான் இல்லை." மறுபடியும் நிறுத்தினேன். இரண்டாவது இடைவெளியில் அவர் உதடு அசைந்தது. அப்புறம் அதுவும் நின்று, தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அந்த நாளில் மெஷின் முன்னால் உட்காருவாரே, அதே மாதிரி.

கடைசிக் கேள்விக்கு இடம் விட்டேன். அதற்குப் பின்னால் சங்குக்கும் இடம் விட்டேன். அவர் தலையைத் தூக்கி ஆலைப் பக்கம் பார்த்தார்.

அடுத்தது என் வரி. நான் பேசவில்லை. அவர் பார்த்து முடிக்கிறவரைக்கும் நிறுத்தியே வைத்திருந்தேன்.