பங்குக் கத்திரிக்காய்

இதை எழுதாமலேயே விட்டிருப்பேன். ஒன்பதாவதோடு புத்தகத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இப்போது பொன்னேரியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். வண்டி சும்மா நின்றால் தூங்குவேனே தவிர எழுத மாட்டேன். நேற்று ஒரு குடும்பத்துக்கு வீடு மாற்ற சாமான் ஏற்றினேன். அண்டா குண்டா நடுவே மீன் வலையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். "இன்னாண்ணா, பொன்னேரி கொசுவ புடிக்கவா?" என்று அந்த வீட்டு ஆளைக் கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. அதே மாதிரி ஒரு முகத்தை எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். அதோடு தூக்கம் போய்விட்டது.

பழவேற்காட்டுப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து நாங்கள் பொன்னேரிக்கு வந்தபோது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்பது ஒரு மரியாதைக்கு. அக்காவுக்கு இங்கே ப்ளஸ் ஒன் கிடைத்தது. அம்மாவுக்குக் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்தது. கம்பெனி வேன் பொன்னேரி வரைக்கும்தான் வரும். எனக்குத் தின்னப் பரோட்டாக் கடை கிடைத்தது. நைனாவுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. கடலுக்குப் போவதென்றால் முந்தின சாயங்காலமே பஸ் ஏறி, குப்பத்தில் சித்தப்பா வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வார். கடல் சரியில்லாத நாட்களில் ஜன்னலே கதி.

வீடு கிடைத்ததே பெரிய கதை. "மீன் புடிக்கிறவங்களா? வீடு நாறுமே" என்று தெருத் தெருவாகக் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஒரு காய்கறிக் கடைக்காரர்தான் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளைக் கொடுத்தார். அவர் மனைவிக்கு, இன்று நான் அத்தை என்று கூப்பிடுகிற புண்ணியவதிக்கு, அரை மனசுதான். "எதுனா தகராறு வந்துச்சு, மறுநாளே காலி பண்ணிடணும்" என்று சொல்லித்தான் சாவியைக் கையில் வைத்தார்.

அம்மா எங்களை வரிசையாக நிற்க வைத்தாள், நைனாவையும் சேர்த்து. "ஊர்ல பண்றா மாதிரி இங்க எதுனா பண்ணீங்க, அவ்ளோதான்."

எது ஊர் மாதிரி, எது இல்லை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இங்கே பகலிலும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். மீனைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்ததே அம்மாவுக்கு அவமானமாக இருந்தது. நைனா விடிந்ததும் மொட்டை மாடிக்கு ஏறிக் காற்றுப் பார்ப்பார். இறங்கி வந்து "வாடைக் காத்து" என்பார். அதை வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் ஒருத்தரும் ஒன்றும் செய்ய முடியாது. இருந்தாலும் சொல்லிவிடுவார்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. படகு வந்து ஒதுங்கினால் பக்கத்தில் இருப்பவன் யாராக இருந்தாலும் தோள் கொடுத்து மணலில் ஏற்றுவான். ஏற்றி முடித்ததும் குழம்புக்கு ஆகிற அளவு மீனை அவனே அள்ளிக்கொண்டு போவான். யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால்தான் சண்டை வரும், 'என்னை அன்னியனாக நினைச்சியா' என்று.

ஒரு நாள் காலையில் கோயம்பேட்டுச் சரக்கோடு குட்டியானை வண்டி வந்து நின்றது. கடைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். நைனா மேலிருந்து பார்த்தார். எத்தனையோ நாளாகக் காணாத சுறுசுறுப்போடு படியில் இறங்கினார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலேயே மூட்டையைத் தோளில் வாங்கினார். டிரைவர் பீடியைப் பற்ற வைத்து முடிப்பதற்குள் பாதி வண்டி காலி. எனக்கு ஒரே பெருமை. இறக்கி முடித்ததும் துண்டை அவிழ்த்து விரித்து, கொஞ்சம் கத்திரிக்காய், ஒரு கை தக்காளி, துளி இஞ்சி அள்ளி முடிந்துகொண்டு, நிம்மதியாகப் படியேறினார்.

"யோவ்! இன்னாய்யா அது துண்டுல?" அத்தையின் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

"எம் பங்கும்மா."

"பங்கா? உன்ன யாருய்யா கூப்ட்டா? காலங்காத்தால திருட வந்துட்டு பங்காம்!"

நைனா திரும்பித் தன் பின்னால் பார்த்தார். வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்துவிட்டார். தெருவே கூடிவிட்டது. மூட்டைகளுக்குப் பின்னால் நின்று, என் வகுப்பில் படிக்கும் கடைக்காரர் மகன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம். அம்மா இறங்கி வந்து துண்டை வாங்கி, ஒவ்வொரு காயாகக் கூடையில் திருப்பி வைத்தபோதுதான் சிரிப்பு நின்றது. "தெரியாம பண்ட்டாரும்மா. வூட்ட மட்டும் காலி பண்ண சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினாள்.

 மறுநாள் காலை நைனா லுங்கி, சட்டையெல்லாம் ஒரு பையில் திணித்துக்கொண்டார். "நீங்க இருங்க. நான் ஊர்லயே இருந்துக்கறேன். என்னால உங்களுக்கு வூடு போவ வேணாம்." அக்கா அழுதாள். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் பையைப் பிடித்து இழுத்தபடியே கீழே வந்தேன். குட்டியானை நின்றிருந்தது. கடைக்காரர் காலித் தக்காளி கிரேட் மேல் உட்கார்ந்திருந்தார். பையைப் பார்த்தார். 

"இன்னா தலைவரே, ஊருக்கா? பஸ்ஸு எங்க போவப் போவுது. இத ஒரு கை புடிச்சிட்டுப் போங்க."

 நைனா பையை என்னிடம் கொடுத்துவிட்டு மூட்டையைத் தூக்கினார். வண்டி காலியானதும் கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "உங்க ஊர்ல எப்டியோ, அப்டியே எடுத்துக்குங்க."

நைனா இரண்டே கத்திரிக்காய் எடுத்தார். பழவேற்காடு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நாங்கள் மாடிக்குப் போனோம்.

அன்றிலிருந்து நைனா பொன்னேரியில் இருக்கிற நாளெல்லாம் அவர்தான் சரக்கு இறக்கினார். கடலுக்குப் போய் வந்தால் முதல் மீன் அத்தைக்கு. "நாறுது, அங்க தள்ளி வை" என்பார் அத்தை. அரை மணி நேரத்தில் எங்கள் ஜன்னல் வழியாகக் குழம்பு மணக்கும். தெருவில் ஒவ்வொருவராக நைனாவைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "காத்து எப்டிக்கீது?" என்று கூடக் கேட்டார்கள், சும்மாவாவது.

எனக்கு மட்டும் அப்போது கடைக்காரர் மேல் கோபம். இரண்டு கத்திரிக்காயைக் காட்டி என் நைனாவை மாடு மாதிரி வேலை வாங்குகிறான் படுபாவி என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அந்த மனிதர் அன்று பொன்னேரியில் நைனா கால் ஊன்ற ஒரு பிடி மணலைப் போட்டுக் கொடுத்தார் என்பது புரிய எனக்கு மீசை முளைக்க வேண்டியிருந்தது. பெரிய மனசு.

இத்தனையும் போனில் தட்டி, இன்று என் கூட்டாளியாகிவிட்ட கடைக்காரர் மகனுக்கு அனுப்பி, 'உங்கப்பாவுக்குப் படிச்சுக் காட்டுடா, எங்க குடும்பத்தோட நன்றி' என்று போட்டேன். பதில் வந்தது:

"லூசு, அப்போ எங்கப்பாவுக்கு இடுப்பு போயி கடையையே மூடிடலாம்னு இருந்தாரு, உங்க நைனா அன்னிக்கு பஸ் ஏறியிருந்தா நாங்கதான்டா ஊர காலி பண்ணியிருப்போம்."