அம்மா கேட்டுக்கொண்டு நின்ற ஒன்பது டேக்குகள்

ஈஜிபுராவில் மாடியில் ஓர் அறையும் சமையலறையும்தான் எங்கள் வீடு. நானும் அம்மாவும் மட்டும். எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் கால் சென்டர் வேலை. அம்மாவுக்கு ஓர் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங். ஞாயிற்றுக்கிழமைகளில் ராப் எழுதிக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வேன். ஓசூரிலிருக்கும் நண்பன் அதற்குத் தாளம், பீட் போட்டுத் தருவான். அம்மாவைப் பற்றி எழுதிய பாட்டை மட்டும் அவன் மூன்று முறை திருப்பி அனுப்பினான். பின்னால் ஏதேதோ சத்தம் வருகிறது, குரல் சுத்தமாக வேண்டும் என்றான்.

வெளிச்சத்தம் அடங்கச் சுவரோரம் கொடி கட்டித் தடித்த ரஜாய்ப் போர்வையைத் தொங்கவிட்டேன். ஃபேனை நிறுத்தினேன். 'ப' வரும் இடங்களில் காற்று மைக்கில் மோதாதபடி முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டேன். இத்தனை செய்தும் நடுவில் அம்மாவின் இருமல் விழுந்தது. அடுத்ததில் வளையல். அதற்கடுத்ததில் கரண்டி. வியர்வை கண்ணில் இறங்கியது. ஒரு மணி நேரம் எங்காவது போய்விட்டு வா என்றேன். சொன்ன விதம் சரியில்லை. அம்மா பையை எடுத்துக்கொண்டு விவேக் நகர் பக்கம் போனாள்.

அதற்குப் பிறகும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. மூச்சு வாங்கியது, வார்த்தை உருண்டது. ஒன்பதாவது முறை பதிவு செய்த டேக்தான் சுத்தமாக வந்தது. கதவைத் திறந்தேன். மொட்டை வெயிலில், படிக்கட்டில், காய்கறிப் பையோடு அம்மா நின்றிருந்தாள். விவேக் நகர் சர்ச் வாசலில் கூட்டமாம், காய் மட்டும் வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிட்டாளாம்.

"கதவ தட்டியிருக்கலாம் இல்லம்மா?"

"தட்டினா சத்தம் பாட்டுக்குள்ள விழும்னு நீதானே சொன்னே."

உள்ளே வந்து தண்ணீர் குடித்தாள். பிறகு கேட்டாள்: "பாட்டுல அத்தன வாட்டி சொன்னியே, நான் அழுதேன்னு. எப்போடா அழுதேன்?"

அலுவலகத்தில் ஏதோ காணோமென்று எல்லோர் முன்னாலும் சூப்பர்வைசர் அவள் பையைத் திறக்கச் சொன்ன நாளைத்தான் எழுதியிருந்தேன். அன்று கண் சிவந்துதானே வீட்டுக்கு வந்தாய் என்றேன்.

"கோவம்டா அது. பையை அந்த ஆளு டேபிள் மேலயே கொட்டிட்டு வந்தேன்."

இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

'அழுதாள்' என்ற அந்த ஒரு சொல்லை எடுத்தால் நான்கு வரிகளின் எதுகை சரிந்துவிடும். நண்பன் வேறு போனில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். அப்படியே அனுப்பிவிடலாமா என்று அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அம்மா பீன்ஸ் நறுக்க உட்கார்ந்துவிட்டாள்; என்ன செய்யப்போகிறேன் என்று கேட்கவில்லை. கடைசியில் அந்த டேக்கை அழித்தேன்.

வாரம் முழுக்க கம்பெனி வண்டியில் போகும்போதும் வரும்போதும் வரிகளை மாற்றி மாற்றி முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார். அடுத்த ஞாயிறு அம்மாவைக் கட்டிலிலேயே உட்காரவைத்துப் பதிவு செய்தேன். வளையல்களைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பையைக் கொட்டும் புது வரி வந்த இடத்தில் இரண்டு முறை சிரித்துவிட்டாள். மூன்றாவது முறை வாயைப் பொத்திக்கொண்டாள்.

குரல் சுத்தமாக இருக்கிறது, ஆனால் கடைசியில் தாளத்தை முந்தி ஓடுகிறாய், இன்னொரு முறை பாடு என்றான் நண்பன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த டேக் அது; அப்படியே இருக்கட்டும் என்றேன்.