முன்னேஸ்வர வாசலில் கழற்றிய கால்

சுதர்சனாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். புத்தளத்து உப்பளக் கொட்டிலில் உட்கார்ந்து உப்பு மூடை தைப்பதுதான் அவளுக்கு வேலை. அந்தக் கொட்டிலுக்குள் யாராவது "பாவம், கால் இல்லாத பிள்ளை" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், கோணூசியோடு எழும்பிவிடுவாள். "எனக்கு ஒண்டு பிறவிக் கால், மற்றது செய்வித்த கால். இதில என்ன குறைச்சல் கண்டனீ?" என்பாள். அவளோடு வாய் கொடுத்துத் தப்பியவர் அங்கே ஒருவருமில்லை.

அப்படிப்பட்டவள் வருஷத்தில் ஒரு நாள் மட்டும் பெட்டிப் பாம்பாகிவிடுவாள். அது முன்னேஸ்வரத் தேர் நாள். மகள் தர்சிகாவோடு, தெரிந்த பொடியன் ஜௌபரின் ஓட்டோவில் சிலாபம் வரை போவாள். கோயில் வாசலுக்கு எதிரே ஓட்டோவுக்குள்ளேயே இருந்துகொண்டு, "நீ போய்க் கும்பிட்டிட்டு வா" என்று மகளை மட்டும் அனுப்புவாள். எட்டு வருஷம் இப்படியே போனது.

கேட்டால், பொய்க்காலைக் காரணம் சொல்வாள். முழங்காலுக்குக் கீழே பூட்டுகிற கால் அது. அதைத் தொடையோடு இறுக்கிக் கட்டுவது மாட்டுத்தோல் வார். தோலோடு கோயிலுக்குள் போகலாமா? அவளை யாரும் மறிக்கவில்லை, அவளும் யாரிடமும் கேட்கவில்லை. தானே வழக்கு வைத்துத் தானே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

ஆனால் வராமல் விடவும் முடியாது, நேர்த்திக்கடன் கிடக்கிறது. 2009 சித்திரையில், கடைசிச் சண்டை நேரம், மாத்தளனில் பதுங்கியிருந்த பங்கருக்குள், ஆறு வயதுத் தர்சிகாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. மருந்தில்லை, குடிக்க நல்ல தண்ணீருமில்லை. அப்போதுதான் சின்ன வயதில் கேட்ட கதை ஒன்று அவளுக்கு நினைவு வந்தது. இராவணனைக் கொன்ற பாவம் இராமனை விடாமல் துரத்தியதாம், முன்னேஸ்வரத்துக்கு வந்த பிறகுதான் விட்டதாம். "வடிவாம்பிகைத் தாயே, என்ரை பிள்ளையை உயிரோட தா. உன்ரை வீதியில அடியழிச்சு வாறன்" என்று கும்பிட்டாள். தேருக்குப் பின்னால் பெண்கள் விழுந்து கும்பிட்டு, கை எட்டிய இடத்தில் மண்ணில் கோடு கீறி, எழும்பி அந்தக் கோட்டில் நின்று மறுபடி விழுந்து, இப்படியே கோயிலின் நாலு வீதியும் சுற்றுவதுதான் அடியழித்தல்.

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் ஷெல் விழுந்து தம்பி கிருஷாந்தனின் இடுப்பைப் பிய்த்தது. ஒருவரைத்தான் தூக்கலாம். "பிள்ளையைத் தூக்கு அக்கா, ஓடு!" என்று அவன் கத்தினான். அவள் ஓடினாள். ஓடிய வழியில் மிதிவெடி அவள் காலைக் கொண்டுபோனது. யாரோ தாயையும் பிள்ளையையும் தூக்கிச் சேர்த்தார்கள். அகதி முகாமிலிருந்து விட்ட பிறகு புத்தளத்து மச்சாள் வீட்டுக்கு வந்தாள். அந்த நாளிலிருந்து அவள் வாயில் 'தம்பி' என்ற சொல் வந்ததில்லை. உப்பளத்துப் பொடியன்களையும் சரி, ஜௌபரையும் சரி, பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

2018ஆம் ஆண்டுத் தேருக்கும் அவள் ஓட்டோவுக்குள்தான் இருந்தாள். தேர் இழுக்க இன்னும் நேரமிருந்தது. ஜௌபர் வெற்றிலையை மென்றபடி கேட்டான்: "ஒவ்வொரு வருஷமும் வந்து வாசலோட திரும்புறீங்களே அக்கா, என்னதான் பிரச்சினை?"

தோல் வார்க் கதையைச் சொன்னாள்.

"அட, இவ்வளவுதானா? நாங்க பள்ளிவாசலுக்குள்ள போகக்க செருப்பக் கழட்டுறோம். நீங்க காலக் கழட்டுங்களேன்!"

"விசரே உனக்கு?" என்று சீறினாள் சுதர்சனா. தர்சிகா வாயைப் பொத்திக்கொண்டாள், முடியாமல் வெடித்துச் சிரித்தாள். மகள் சிரிக்கத் தாய்க்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நடுவழியில் அழுகையாகிவிட்டது.

"வார் ஒரு சாட்டு பிள்ளை, சும்மா சொன்னது," என்றாள். "மாமாவை விட்டிட்டு ஓடி வந்தனான். எந்த முகத்தோட உள்ள போறது?"

"மாமா என்னைக் காப்பாத்தத்தானே ஓடச் சொன்னவர்? நான் முன்னால நிக்கிறன் அம்மா. கழட்டுங்கோ."

சுதர்சனா வாரை அவிழ்த்தாள். காலைக் கழற்றி ஜௌபரின் கையில் கொடுத்துவிட்டு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மண்ணில் இறங்கினாள்.

தேர் கிளம்ப, மற்றப் பெண்களோடு அதன் பின்னால் விழுந்தாள். மணல் சுட்டது. எழும்பி நிற்க முடியாது, முழங்காலில்தான் போகவேண்டும். தர்சிகா தண்ணீர்ப் பந்தலில் குடம் ஒன்று வாங்கி, தண்ணீரை முன்னால் ஊற்றிக்கொண்டே நடந்தாள். முதல் வீதியிலேயே துண்டான கால் முனையில் தோல் உரிந்தது. இரண்டாம் வீதியில் மற்றப் பெண்கள் எல்லோரும் முந்திவிட்டார்கள், தேரும் மூலையில் திரும்பி மறைந்தது. மூன்றாம் வீதியில் குப்புறக் கிடந்தவள் கொஞ்ச நேரம் தலை தூக்கவில்லை. "ஹெமின் அக்கே, ஹெமின்" என்று, அவசரப்படாதே என்பதாக, ஒரு சிங்களப் பெண் தன் போத்தல் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினாள்.

அப்படிக் கிடக்கும்போதுதான் அவளுக்கு அது விளங்கியது. வென்ற இராமனே பாவத்தோடுதான் இங்கே வந்தான். கழுவிக்கொண்டு வா என்று அவனை யாரும் திருப்பி அனுப்பவில்லை. இது பாரத்தைக் கொண்டுவந்து இறக்குகிற இடம். சுத்தமானவர்கள் வருகிற இடமென்று நினைத்து எட்டு வருஷம் வெளியே இருந்தாளே, மடைச்சி! "கிருஷாந்தன்" என்று மண்ணுக்குள் வாய்விட்டுக் கூப்பிட்டாள். "உன்ரை மருமகள் தண்ணி ஊத்துறாளடா, பார்" என்றாள். கையை நீட்டிக் கோடு கீறினாள். அடுத்த கோடு. அதற்கடுத்தது. நாலாம் வீதியில் அவள் கோடு கீறினாளா பறந்தாளா என்று தர்சிகாவுக்கே தெரியாது, குடத்தோடு பின்னால் ஓடவேண்டியிருந்தது.

தேர் எப்போதோ சுற்றி முடித்து இருப்புக்கு வந்துவிட்டிருந்தது. கலைந்துபோக இருந்த சனம், மண்ணும் வியர்வையுமாய் முழங்காலில் வருகிறவளைக் கண்டு நின்றது. யாரோ "அரோகரா!" என்றார்கள். வீதி முழுக்க அதை வாங்கிக் கத்தியது.

மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு சுதர்சனா ஒற்றைக் காலில் எழும்பி நின்றாள். வாசலுக்கு எதிரே ஜௌபர், பொய்க்காலை நெஞ்சோடு அணைத்தபடி அதே இடத்தில் நின்றான்.

"ஓடி வாங்கக்கா. சனம் பாக்கிற பார்வையில, கால் களவெடுத்தவன் மாதிரி நிக்கிறன்" என்று காலை நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் வச்சிரு, தம்பி. நான் உள்ள போயிட்டு வாறன்."

தர்சிகா திடுக்கிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சொல்லை அம்மாவின் வாயில் கேட்டு ஒன்பது வருஷமாகியிருந்தது.